நூற்றுக்கு நூற்று மூன்று

மாப்பிள்ளை கத்தவில்லை. அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது. கம்ப்ரஸர் கூடத்துக்குள் நிற்கிறவர் வாக்கிடாக்கியில் பேசினால் தொண்டை கிழியக் கத்தியாக வேண்டும். காதை அடைக்கிற அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே விழாது. இன்றைக்கோ தங்கையின் கணவர், பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"மச்சான், உள்ள வர்ற கேஸ் முப்பத்திரண்டு டிகிரி. வெளிய போறது நூத்தஞ்சு."

நூற்றைந்து என்றதும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். வாயுவை அழுத்தினால் சூடாகத்தான் செய்யும். எந்திரம் வீணடிக்கிற சக்தியும் சூடாக மாறி அதே வாயுவில்தான் ஏறும். ஆக, வெளியே வருவது எவ்வளவு கூடுதலாகக் கொதிக்கிறதோ, எந்திரம் அவ்வளவு மட்டம். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டு, செயல்திறன் இத்தனை சதவீதம் என்று சொல்வது அவன் வேலை. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்பான் என்று ஆலையில் அவனுக்குத் தசமம் என்றே பெயர். பழைய சுழல்சக்கரங்களோடு எழுபத்தொன்றுதான் தேறியது. மாற்றிப் போட்டால் எழுபத்தெட்டு வரும் என்று மேலாளரிடம் அடித்துச் சொல்லியிருந்தான். மாற்றிப் போட்டு இன்று முதல் சோதனை. இதோ, வந்துவிட்டது.

மாப்பிள்ளையை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவன்தான். தங்கைக்கு இது எட்டாம் மாதம். "அவரைக் கொஞ்சம் பாத்துக்கண்ணா" என்று காலையில் சொன்னாள். "ஆமா, உன் வீட்டுக்காரரு கைக்குழந்தை பாரு" என்று கேலி செய்துவிட்டு வந்திருந்தான்.

அடுத்த ரீடிங் தொண்ணூற்றைந்து டிகிரி. கணக்கு எண்பத்தொன்பது சதவீதம் என்றது. அட, இப்படியும் ஒரு எந்திரமா என்று உள்ளூரக் குதூகலமாக இருந்தது. அதற்கடுத்த ரீடிங் எண்பத்தாறு டிகிரி. கணினித் திரையில் நூற்று மூன்று சதவீதம் என்று வந்தது.

நூற்றைத் தாண்டாது, தாண்டவே கூடாது. போட்டதைவிட அதிகமாகத் திருப்பித் தருகிற எந்திரத்தை இன்னும் எவனும் செய்யவில்லை. அப்படி வந்துவிட்டால் இந்தத் தொழிலில் எல்லோரும் தெர்மாமீட்டரைத்தான் திட்டுவார்கள். அவனும் திட்டினான்.

"மாப்பிள்ளை, தெர்மாமீட்டர் முழுசா உள்ள போகல போலிருக்கு. கழட்டி நல்லா அழுத்திச் சொருகுங்க."

"நல்லாத்தான் சொருகியிருக்கு மச்சான்." என்றார் மாப்பிள்ளை. "குழாய்ல கை வச்சுப் பாத்தேன். சுடல."

எண்பத்தாறு டிகிரியில் கை வைத்தால் தோல் வழன்றுவிடும்.

"ரொம்பக் குளிருது மச்சான். வெளிய வந்துடட்டா?"

அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது அவன் காதில் விழாமல் இல்லை. ஆனால் சோதனை ஓடும்போது கதவைத் திறந்தால் கூடத்தின் சூடு மாறும், எடுத்த ரீடிங் எல்லாம் குப்பைக்குப் போகும். அந்த விதியைப் போட்டவனும் அவன்தான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ளை. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"சரி மச்சான்." எதற்கும் மறுத்துப் பேசத் தெரியாத மனிதர்.

மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் சாய்ந்து கிடந்தது; மேசையில் ஆறிப்போன டீயின் வாசம், பின்னால் மின்பெட்டிகளின் சன்னமான ரீங்காரம், தரை வழியாக உள்ளங்காலில் ஏறும் எந்திரத்தின் அதிர்வு என்று எல்லாம் அன்றாடம் போலவே இருக்க, கூடத்தைப் பார்க்கும் பெரிய கண்ணாடியில் மட்டும் அவன் பக்கமாக நீர் பூத்து, சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது. சட்டைக் கையால் துடைத்தான். மறுபடி பூத்தது. துடைத்த அந்த நொடியில், வெளியே போகும் குழாயருகே மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. வலது உள்ளங்கை குழாயின் மேல் இருந்தது. கணினிப் பக்கம் திரும்பி, சூடு சும்மா காணாமல் போகாதே என்று நினைத்தான். குழாயைவிட்டுப் போனதென்றால் வேறொன்றுக்குள் போயிருக்க வேண்டும். எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குப் போட்டான். ஒரு தெருவுக்கே வெந்நீர் வைக்கலாம். அவ்வளவையும் குடித்துவிட்டு இன்னும் கேட்கிற எதுவும் அந்தக் கூடத்தில் இல்லை. இருந்ததாக அவனுக்குத் தெரியாது.

"அறுபத்தொண்ணு."

மச்சான் என்று சொல்லவில்லை.

"போதும் மாப்பிள்ளை. வெளிய வாங்க."

"முப்பத்திரண்டு."

உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே சூடு. திரையில் சதவீதம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவன் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தான். காலடியில் அதிர்வு தணிந்தது, நின்றது. சுழலும் வேகத்தைக் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"பத்தொம்பது."

தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஓடினான்.

கதவின் பிடி கையைக் கடித்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. சத்தமே இல்லை. அவன் மூச்சு முகத்துக்கு முன்னால் வெண்புகையாக நின்றது.

"மைனஸ் நாலு" என்றார் மாப்பிள்ளை. வாக்கிடாக்கி தரையில் கிடந்தது. அவர் புருவத்தில் உறைபனி. உதடு அசைந்தது. அதிலிருந்து புகை வரவில்லை.

"மாப்பிள்ளை, கைய எடுங்க."

எடுக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான். குழாயிலிருந்து அது பிரியவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தான். இம்மியும் அசையவில்லை.

மாப்பிள்ளை மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார்.

"முப்பத்தேழு."

அவன் குழாயில் சொருகியிருந்த தெர்மாமீட்டரின் முள்ளைப் பார்த்தான். அது பூஜ்யத்துக்குக் கீழேதான் இருந்தது.

"முப்பத்தாறு."

எதன் சூட்டைச் சொல்கிறார்? முப்பத்தேழு டிகிரி மனித உடம்பின் சூடு. கையை விடப் பார்த்தான். விரல்கள் வரவில்லை. மணிக்கட்டோடு ஒட்டியிருந்தன. அப்போது புரிந்தது.

"முப்பத்தஞ்சு."

அதைச் சொல்லும்போது மாப்பிள்ளையின் வாயிலிருந்து ஒரு இழை வெண்புகை வந்தது. கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது.

அவன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினான். வாய் திறந்தது. அதிலிருந்து புகை வரவில்லை.