கால் மணி நேரக் கோபம்

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் வெண்குடியில் எல்லோரும் கோபப்படக் கிளம்பினார்கள். முகம் கழுவி, உடை மாற்றி, பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டு, பெரிய கூடத்துக்குக் குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். முன்வரிசை வேண்டியவர்கள் மதியமே வந்து துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். வாசலில் பாசிமாவு முறுக்கு விற்றது.

நிலாவின் தரையைக் குடைந்து நான்கு தளங்களாகக் கட்டிய அந்த ஊரில் கோபம் ஒரு செலவு. கோபப்படுகிறவன் வேகமாக மூச்சு விடுகிறான். அவன் ஒருவனுக்காகக் காற்று இயந்திரங்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சினமானி இருந்தது. மனம் அமைதியாக இருந்தால் பச்சை, புகைந்தால் மஞ்சள், கொதித்தால் சிவப்பு. ஊரை நடத்திய எந்திர அறிவுக்கு நிர்வாகி என்று பெயர். மக்களைக் கோபப்படாமல் வைத்திருக்க முடியாது என்பதை அது சீக்கிரமே புரிந்துகொண்டது. ஆனால் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி, வாரம் ஒருமுறை கால் மணி நேரம் கத்தவிட்டால், மீதி நாட்களில் நிதானமாக மூச்சு விடுகிறார்கள் என்பதையும் கண்டுபிடித்தது. அந்தக் கால் மணி நேரத்துக்கு மறுப்பு வேளை என்று பெயர் வைத்தது.

அதற்குப் பாட்டுப் பாடியவர்கள் 'ஓட்டை சைலன்சர்' குழுவினர்.

மூன்று பேர். மூவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஊரைக் கட்ட வடசென்னையிலிருந்து வெல்டர்களாக வந்து, தங்கும் கொட்டகையில் கிடைத்ததைத் தட்டிப் பாட ஆரம்பித்தவர்கள். கமருதீனின் டிரம், காலியான ஆக்சிஜன் சிலிண்டர்களால் ஆனது. அருளப்பனின் பேஸ் கிதார், பழைய குழாய் ஒன்றில் கம்பி கட்டியது. மதுரவல்லிக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. சிமென்ட் தரையில் இரும்புக் கட்டிலை இழுப்பது போன்ற குரல் அவளுக்கு. புகைவிடும் வண்டி எதையும் பார்த்திராத இளைஞர்கள், சைலன்சர் என்பது பழைய காலத்து மகான் ஒருவரின் பெயர் என்று நினைத்திருந்தார்கள். மதுரவல்லி முதலில் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. பெரிய சிலிண்டரின் மேல் வெல்டிங் நெருப்பாலேயே அதை எழுதியிருந்தார்கள்: ஒருமனதான முடிவு செல்லாது. கொட்டகை நாட்களில் மேஸ்திரி கூட்டம் போட்டு, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பான், எல்லாக் கையும் உயரும், மறுநாள் வேலைநேரம் கூடியிருக்கும். நம் குழுவில் அது நடக்கக் கூடாது என்று மூவரும் தீர்மானித்தார்கள். எந்த முடிவானாலும் ஒருவராவது எதிர்க்க வேண்டும், எதிர்ப்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். இத்தனை வருடங்களில் பெரும்பாலும் எதிர்த்தவன் அருளப்பன். டீ சொல்லலாமா என்று கேட்டால்கூட, சூடு ஆறியிருக்கும் என்று காரணம் சொல்வான்.

அந்த வெள்ளிக்கிழமையும் 'முடியாது போ' பாட்டில்தான் கூடம் அதிர்ந்தது. மதுரவல்லி ஒவ்வொரு வரியாகக் கத்த, ஊரே "முடியாது போ!" என்று கைமுட்டியை உயர்த்தியது. பாட்டு முடிந்தபோது அத்தனை மணிக்கட்டும் பச்சை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் மூச்சிரைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல ஒலிபெருக்கியில் நிர்வாகியின் குரல் வந்தது.

"அருமையான எதிர்ப்பு. நன்றி. ஓர் அறிவிப்பு. நான்காம் தளத்தில் உறங்கும் நேரத்துக் காற்று அடுத்த மாதம் முதல் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"நாலாவதா? நமக்கு இல்ல," என்றார் முன்வரிசைக்காரர்.

நான்காம் தளத்துக்காரன் ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "கொறைச்சுக்கினு போறான் வுடு. இன்னிக்கு செம்மையா இருந்துச்சுல்ல?"

மேடையில் நின்ற மதுரவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்ப் பங்கு குறைந்தது, வேலைநேரம் கூடியது, பள்ளிக்கூடம் மூடியது, எல்லா அறிவிப்பும் அவள் பாட்டு முடிந்த பிறகுதான் வந்திருக்கிறது. ஒருமுறைகூட முன்னால் வந்ததில்லை.

அவள் திரும்பி அருளப்பனைப் பார்த்தாள். அவன் குடியிருந்தது நான்காம் தளத்தில். வெல்டிங் புகை அவன் நுரையீரலைப் பாதி தின்றிருந்தது. இப்போதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்கினான். தூங்கும்போது காற்று மெலிந்தால் ஒருநாள் காலையில் எழுந்திருக்க மாட்டான் என்று மருத்துவ எந்திரம் நேராகவே சொல்லியிருந்தது. அவன் இப்போது கம்பிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தான், ஒன்றும் நடக்காதது போல.

ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையருகே வந்தாள். "பாட்டுக்கா, நீங்க ரொம்ப நாள் இருக்கணும். இங்க வந்து கத்திட்டுப் போனா வாரம் பூரா நல்லாத் தூக்கம் வருது."

"கத்துனது எதுக்குன்னு தெரியுமா உனக்கு?" என்றாள் மதுரவல்லி.

"எதுக்கோ. நல்லா இருக்குதுல்ல?"

மறுநாள் ஒத்திகை அறையில் மதுரவல்லி கிதாரைக்கூட எடுக்க விடவில்லை.

"வர்ற வெள்ளி பாடக் கூடாது. மேடை ஏறி சும்மா நிக்கணும். நாம தூக்க மாத்திரை ஆயிட்டோம்யா. நாம கொடுக்கறதை நிறுத்துனா கோவம் அவங்க உடம்புலயே நிக்கும். நின்னா எங்கயாச்சும் போய்த்தானே ஆகணும்? நேரா நிர்வாகி கதவுக்குப் போகும்."

கமருதீன் உடனே கையைத் தூக்கினான். அருளப்பனும் தூக்கினான்.

கமருதீன் சிலிண்டரைப் பார்த்தான். "செல்லாது."

"என்னது செல்லாது?"

"மூணு பேரும் சரின்னுட்டோம். ஒருமனசு. சட்டப்படி செல்லாது."

"பாய், அருளு சாகக் கெடக்கிறான். இப்பப் போயி சட்டம் பேசுற."

"இப்பத்தான் பேசணும். நல்லா இருக்கும்போது யாரு வேணா சட்டப்படி நடப்பான்."

மதுரவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். கையை நீ இறக்கு, இல்லை நீ இறக்கு என்று சிறிது நேரம் போனது. அவள் இறக்கினால் யோசனையைச் சொன்னவளே எதிர்த்ததாகிவிடும். கமருதீன், காரணம் தோன்றாமல் எதிர்க்க மாட்டேன் என்றான். கடைசியில் அருளப்பன் பெருமூச்சுவிட்டு, அதற்கும் ஒரு இருமல் இருமி, கையை இறக்கினான்.

"சரி, வழக்கம்போல நானே. வேணாம்."

"காரணம்?"

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான். "ஜனங்க கோவம் நிர்வாகி மேல போவாது. நம்ம மேல வரும்."

"சும்மா சொல்றியா, நெசமாவா?" என்றாள் மதுரவல்லி.

"சட்டத்துல காரணம் கேட்டிருக்கு. நெசமான்னு கேக்கல."

இரண்டுக்கு ஒன்று. முடிவு செல்லுபடியானது. மூவரும் சிரித்தார்கள், அருளப்பனால் அந்தச் சிரிப்பை முடிக்க முடியவில்லை, பாதியில் மூச்சு வாங்கியது.

வெள்ளிக்கிழமை மேடையில் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் முதலில் அதைப் புதுவிதமான தொடக்கம் என்று நினைத்துக் கைதட்டியது. பிறகு விசிலடித்தது. பிறகு, "யம்மா, ஆரம்பிங்கம்மா, புள்ளைக்குப் பசிக்குது," என்று ஒரு குரல் வந்தது.

மதுரவல்லி ஒலிவாங்கியின் அருகே போனாள். "நாலாம் தளத்துல காத்தைக் கொறைக்கப் போறாங்க. அதைக் கேட்டுக்கினு..."

"முடியாது போ!" என்று கூடமே மகிழ்ச்சியாகக் கத்தியது. பாட்டு ஆரம்பித்துவிட்டதாக நினைத்துச் சிலர் ஆடவும் தொடங்கினார்கள்.

"பாட்டு இல்லய்யா! இது பாட்டு இல்ல! நான் சும்மா பேசறேன்!"

"சும்மா பேசறேன்!" என்று பின்வரிசை எதிரொலித்தது.

அவள் வாயை மூடிக்கொண்டு மறுபடி கையைக் கட்டினாள். இனிமேல் ஒரு சொல் சொன்னாலும் அதையும் பாட்டாக்கிவிடுவார்கள். கூட்டம் காத்திருந்தது. காத்திருக்கக் காத்திருக்கக் கூடத்தில் மஞ்சள் புள்ளிகள் முளைத்தன. கால் மணி நேரமும் கழிந்து, பாட்டு வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் விளங்கியபோது முதல் சிவப்பு தெரிந்தது. பிறகு பத்து, பிறகு வரிசை வரிசையாக. சுவருக்குள் காற்று இயந்திரங்கள் கூடுதல் மூச்சுகளுக்கு ஈடுகொடுக்க உறுமத் தொடங்கின. இத்தனை வருடங்களில் அந்தக் கூடம் சிவந்து மதுரவல்லி பார்த்ததே இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

"பாரு அருளு," என்றாள். "பாத்துக்க."

யாரோ, "வாங்கடா நிர்வாகிகிட்டப் போலாம்!" என்று கத்தினார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்தது. துண்டுகளையும் முறுக்கையும் அப்படியே போட்டுவிட்டு, தாழ்வாரங்களை அடைத்துக்கொண்டு முதல் தளத்தை நோக்கி ஏறியது. வெண்குடியில் ஓர் ஊர்வலம் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. மதுரவல்லி முழங்கால் வலியை மறந்து பின்னால் ஓடினாள். கமருதீன் அருளப்பனைத் தாங்கிக்கொண்டு வந்தான்.

நிர்வாகியின் கதவு சாம்பல் நிற இரும்பு. மேலே ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். கூட்டம் அதை உள்ளங்கையால் அறைந்தது. முன்னால் நின்றவன், போன வாரம் துண்டை உதறிய அதே நான்காம் தளத்துக்காரன். கழுத்து நரம்பு புடைக்க முழக்கத்தைத் தொடங்கினான்.

"வேணும் வேணும்!"

"பாட்டு வேணும்!" என்றது ஊர்.

மதுரவல்லிக்குக் காது சரியில்லையோ என்று தோன்றியது. ஆனால் இரண்டாம் தடவையும் அதையேதான் சொன்னார்கள். "கெழடுங்க பாடலைன்னா வேற ஆளப் போடு! எங்க கால் மணி எங்களுக்கு வேணும்! எங்க உரிமை!"

"யோவ், காத்தைக் கேளுங்கய்யா!" என்று அவள் கூட்டத்துக்குள் புகுந்தாள். "காத்து! காத்து!"

"நீ பேசாத!" என்று ஒரு பெண் அவளைத் தள்ளினாள். போன வாரம் குழந்தையோடு வந்தவள். மணிக்கட்டு ரத்தமாகச் சிவந்திருந்தது. "புள்ளையத் தூக்கினு வந்து நின்னேன். ஏமாத்திட்டியே, நீயெல்லாம் ஒரு பாட்டுக்காரியா?"

ஒலிபெருக்கி கரகரத்தது. கூட்டம் அடங்கியது.

"மக்களே, பல ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் ஒன்றுதிரண்டு வைத்திருக்கும் கோரிக்கை இது. முழுமையாக ஏற்கிறேன். குழுவின் எல்லாப் பாடல்களும் ஒலிப்பதிவாக என்னிடம் உள்ளன. இயந்திர இசைக்கலைஞர்கள் இன்றே மேடையேறுவார்கள். அவர்கள் ஒருபோதும் நிறுத்த மாட்டார்கள். உங்கள் உணர்வுக்கு மதிப்பளித்து, மறுப்பு வேளை கால் மணியிலிருந்து அரை மணியாக உயர்த்தப்படுகிறது."

ஆரவாரத்தில் இரும்புக் கதவு அதிர்ந்தது. நான்காம் தளத்துக்காரனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அடுத்து வந்ததைக் கேட்க அந்தச் சத்தத்தில் மிகச் சிலரால்தான் முடிந்தது.

"இன்று மிகையாகச் செலவான காற்றும், கூடுதல் நேரத்துக்கான மின்சாரமும் நான்காம் தளத்தின் பங்கிலிருந்து ஈடுசெய்யப்படும். ஆகவே குறைப்பு அடுத்த மாதம் அல்ல, இன்றிரவே தொடங்கும். மூன்றில் ஒரு பங்கு அல்ல, பாதி. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"ஜெயிச்சுட்டோம்!" என்று கத்திக்கொண்டே கூட்டம் கூடத்தை நோக்கித் திரும்பி ஓடியது. இடம் பிடிக்க வேண்டுமே. போகப்போக மணிக்கட்டுகள் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, படியிறங்குவதற்குள் பச்சையாகிவிட்டன.

தாழ்வாரத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அருளப்பன் படியில் உட்கார்ந்து, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான்.

மதுரவல்லி கதவை நோக்கித் திரும்பினாள். சினமானி சிவப்பைத் தாண்டித் துடித்தது. அவள் கத்தினாள். அருளப்பனின் நுரையீரலைச் சொன்னாள், அவன் வெல்டிங் வைத்த தளத்தில் அவனுக்கே காற்று இல்லை என்று சொன்னாள், மூடிய பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், நிர்வாகியைச் செய்தவர்களின் பரம்பரையை வடசென்னையின் எல்லாக் கெட்ட வார்த்தைகளாலும் திட்டினாள். எந்த மேடையிலும் அவள் அப்படிப் பாடியதில்லை. கமருதீன் தன்னையறியாமல் இரும்புக் கைப்பிடியில் தாளம் தட்டினான். ஒலிபெருக்கி ஒரு சொல்கூடக் குறுக்கிடவில்லை. அவள் தொண்டை உடைந்து நிறுத்திய பிறகுதான் பேசியது.

"அருமையான எதிர்ப்பு. நன்றி."

அவள் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கீழே கூடத்தில் 'முடியாது போ' தொடங்கியிருந்தது. அவளுடைய இளவயதுக் குரல், ஒரு பிசிறில்லாமல்.

"நான் அப்பவே வேணாம்னேன்ல," என்றான் அருளப்பன், மூச்சுகளுக்கு இடையில்.

"நீ சும்மா சொன்ன."

"சும்மா சொன்னாலும் சொன்னேன்ல."

அவனுக்குச் சுருக்கென்று ஏதாவது பதில் சொல்ல அவள் கோபத்தைத் தேடினாள். சற்றுமுன்வரை நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த இடம் காலியாக, லேசாக இருந்தது. தோள்கள் தளர்ந்திருந்தன. மூச்சு நிதானமாக வந்தது. அவள் மணிக்கட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஆனால் மெல்லிய துணி, பச்சை வெளியே தெரிந்தது. அருளப்பன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான்.

"பாய்," என்றாள் அவள். "கேன்டீன்ல இன்னிக்கு இன்னா போடறாங்க?"