ஒரு சேலை, மூன்று கரை

"மூணு சேலையையும் எடுத்து வெளியில வையி" என்றாள் மஹ்பூபா.

விடியற்காலை சுபுஹு தொழுத பாயைக்கூட இன்னும் சுருட்டி வைக்கவில்லை. அதற்குள் அடுக்களை வாசலில் வந்து நின்றுவிட்டாள். ஆப்பச் சட்டியின் மூடியைத் திறக்கப்போன சஃபியாவின் கை அப்படியே நின்றது.

"எந்த மூணு சேலை மாமி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. பச்சைக் கரை, கத்தரிப்பூக் கரை, ஜரிகைக் கரை. ஜரிகையை மெஹர் கட்டிக்கட்டும். கத்தரிப்பூவை நீ கட்டு. பச்சையைத் தட்டுல வெச்சு மாப்பிள்ளையோட அக்காவுக்குக் கொடுத்துடுவோம். மெஹரைப் பொண்ணு பார்க்கப் பட்டினத்துக்காரங்க சாயங்காலம் அசருக்கு வந்துடுவாங்க."

சட்டியில் ஆப்பம் கருகியது. அதை எடுக்க சஃபியாவுக்குத் தோன்றவில்லை.

"ஜரிகை இருக்கு மாமி. மத்த ரெண்டும்... வண்ணான்கிட்ட போட்டிருக்கேன்."

பொய் சொல்லிப் பழகாத வாய். அதுவும் மாமியாரிடம் சொல்லக்கூடிய பொய்யா அது?

"பட்டுக் கரை வெச்ச சேலையை எந்தப் பொம்பளை வண்ணானுக்குப் போடுவா? என்னை என்ன, நேத்துப் பிறந்தவள்னு நெனச்சியா?" மஹ்பூபாவின் குரல் தணிந்தது. அவள் கத்தும்போது பயமில்லை. குரல் தணிந்தால்தான் வீட்டில் எல்லாருக்கும் பயம். "உன் உம்மா வீட்டுக்கு அனுப்பிட்டே. அதானே? என் புள்ள சைகோன்ல ராப்பகலாக் கடையில நிக்கிறான். பெருநாளைக்கு எனக்கு ஒரு ஜாக்கெட்டுத் துணி அனுப்புறான், உனக்கு மாசத்துக்கு ஒரு சேலை அனுப்புறான். நான் வாயைத் திறந்து கேட்டேனா? இன்னைக்கு அவன் கூடப்பொறந்தவளுக்காகக் கேக்குறேன். அதுக்குக்கூட உனக்கு மனசு வரலையே..."

"மாமி, அப்படியில்ல..."

"வந்தவங்க போகட்டும். நாளைக்கு உன் வாப்பாவுக்கு ஆள் அனுப்புறேன். உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாகூருக்குப் போ. என் மகன் வந்தா அவனே வந்து அழைச்சுக்கட்டும்."

சஃபியா அடுப்பின் பக்கம் திரும்பினாள். கருகின ஆப்பத்தைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு அடுத்த ஆப்பத்துக்கு மாவை ஊற்றினாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு அடுப்பங்கரையில் விழுந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அழ அவளுக்கு நேரமில்லை.

காரைக்காலில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், உடுத்துவதென்றால் நூர் அகமது பெண்சாதி சஃபியாதான் என்று. கஞ்சி போட்டு நிற்கும் சேலை, கத்தி மடிப்பில் கொசுவம், கையோடு ஒட்டின ஜாக்கெட்டு. கலியாண வீட்டுக்கு அவள் போனால் மற்றப் பெண்கள் தங்கள் சேலையை ஒருமுறை இழுத்து விட்டுக்கொள்வார்கள். சைகோன் பணம் என்று பெருமூச்சு விடுவார்கள்.

சைகோன் பணமாவது, ஒன்றாவது.

போன வருஷம் இங்கே பிரான்சுக்காரன் கொடி இறங்கியது. இந்த வருஷம் அங்கே சண்டை மூண்டு கடைத்தெரு எரிந்தது. நூர் அகமதுவின் கடையும் அதில் போயிற்று. சைகோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்த ஊர்க்காரர் அப்துல் லத்தீப் கொல்லைப்புறமாக வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி சஃபியாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"தங்கச்சி, அவன் உசுரோட இருக்கான். துறைமுகத்துல மூட்டை தூக்குறான். மெஹர் கலியாணம் பேசி முடியிறவரைக்கும் உம்மாவுக்குத் தெரிய வேணாம்னான். தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்களாம். ஊருக்குத் தெரிஞ்சா ஒரு மாப்பிள்ளையும் வரமாட்டானாம். உன் கையிலதான் இருக்குன்னு சொல்லச் சொன்னான்."

சஃபியாவின் கையில் என்ன இருந்தது? தென்னந்தோப்பு வருமானம் வீட்டுச் சோற்றுக்குச் சரியாகப் போயிற்று. பெட்டியில் சந்தன நிற வாயில் துணிச் சேலை ஒன்று, நிக்காஹ் பட்டு ஒன்று, நைந்த மல் சேலைகள் இரண்டு. பார்க்கப்போனால் அவளுக்கு ஊரை நன்றாகத் தெரியும், அதுதான் அவள் கைமுதல். தெருவில் நடக்கும்போது உடம்பு முழுதும் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டிக்குக் கீழே வெளியே தெரிவது சாண் அகலச் சேலைக்கரை மட்டும். ஊர் ஒரு குடும்பத்தை எடை போடுவதும் அந்தச் சாண் அகலத்தை வைத்துத்தான். அந்தக் கரை வெளுத்திருந்தால், சைகோன்காரன் கதை முடிந்தது என்று அடுத்த வேளைத் தொழுகைக்குள் தெரு பேசிவிடும்.

அதனால் நிக்காஹ் பட்டை எடுத்தாள். ரோஜா நிறம். கத்தரிக்கோலை வைத்து வெட்டினாள். ஜரிகையை ஒரு கரையாக எடுத்தாள். மிச்சப் பட்டை அடையாளம் தெரியாமல் கத்தரிப்பூ நிறத்தில் சாயம் முக்கி இன்னொரு கரை செய்தாள். உம்மா கொடுத்த சாட்டின் தலையணை உறையைக் கிழித்துப் பச்சைக் கரை. மூன்றுக்கும் ஒரே வாயில் சேலை. போகிற இடத்துக்குத் தக்கபடி ஒன்றைப் பிரித்து மற்றொன்றை ஓட்டுத்தையல் போட்டு வைப்பாள். செம்பில் தணலைப் போட்டுத் தேய்த்துவிட்டால் தறியிலேயே நெய்த கரை என்று சத்தியம் செய்யலாம். மூன்று சேலைக்காரி என்று ஊர் நம்பியது. அவளுடைய மாமியாரும் ஊரோடு சேர்ந்து நம்பியதுதான் வினையாகப் போயிற்று.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சஃபியா தன் அறையில் உட்கார்ந்து ஜரிகைக் கரையை வைத்துத் தைத்து, நாத்தனார் மெஹர் பானுவுக்குச் சேலையைக் கட்டிவிட்டாள். மெஹருக்குப் பதினேழு வயது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், உடனே முகம் வாடியது.

"மச்சி, உம்மா பேசினதைக் கேட்டேன். நீங்க போயிடாதீங்க. சேலை எங்கே இருக்குன்னு சொல்லிட்டா என்ன?"

"அசையாம நில்லு. கொசுவம் கலைஞ்சுடும்."

"நீங்க எதைக் கட்டப் போறீங்க?"

"அடுப்படியில இருக்கிறவளுக்கு எது கட்டினா என்ன?" முந்தானையைத் தோளில் சரிசெய்தபடியே சொன்னாள். "வேகமா நடக்காதே. உட்காரும்போது ஓரத்தை மிதிச்சுடாதே. அவங்க கேட்டா மட்டும் பேசு."

ஓரத்தை மிதித்தால் என்ன ஆகும் என்று மெஹருக்குத் தெரியாது. சஃபியாவுக்குத் தெரியும். தையல் விட்டுவிடும்.

அசருக்குத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து திரை போட்ட வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாயார் கமர் நிஷாவும் அவளுடைய மூத்த மகளும் இறங்கினார்கள். உள்கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தாள் மஹ்பூபா. பெருநாளைக்கு மகன் அனுப்பிய கத்தரிப்பூப் பட்டு ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். விசிறும்போது கையைச் சற்று அதிகமாகவே வீசினாள், பார்க்கட்டும் என்று.

இடியாப்பமும் கறியும் தயாராக இருந்தன. கமர் நிஷா தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"பேச்சு முடியட்டும், அப்புறம் கை நனைக்கிறோம். எங்க பழக்கம் அது, தப்பா நினைக்காதீங்க."

மெஹரைக் கிட்டே உட்காரவைத்து நெடுநேரம் பார்த்தாள். ஓதுவாயா, சமைப்பாயா என்று கேட்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"உங்க மருமக எங்கே? நெரவியில ஒரு கலியாணத்துல பார்த்தேன். அந்தப் புள்ள உடுத்தியிருந்த அழகைப் பார்த்துத்தான் இந்த வீட்டுல பொண்ணு எடுக்கணும்னு என் மகன்கிட்டயே சொன்னேன். வந்த மருமகளையே இப்படி வெச்சிருக்காங்களே, பெத்த மகளை எப்படி வளர்த்திருப்பாங்கன்னு. கூப்பிடுங்களேன், பார்ப்போம்."

மஹ்பூபாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. "அடுப்படியில வேலையா இருக்கா... இதோ" என்று எழுந்தாள்.

அடுக்களையில் சஃபியா, தோளில் ஒட்டுப்போட்ட மல் சேலையோடு நின்றிருந்தாள். கூடத்தில் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"வேணும்னே இப்படி நிக்கிறியா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் மஹ்பூபா. பத்தடி தூரத்தில் சம்பந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தவும் முடியாது. "என் மானத்தை வாங்கிட்டுத்தான் போவியா? கத்தரிப்பூச் சேலை எங்கே?"

"மாமி, தலைவலின்னு சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்..."

மஹ்பூபா காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று சஃபியாவின் அறைக்குள் போனாள். மருமகளின் பெட்டியை அதுவரை அவள் தொட்டதில்லை. அப்படியொரு கௌரவம் அவளுக்கு உண்டு. இன்றைக்குத் திறந்தாள்.

ஒரு மல் சேலை. அதன் கீழே கைக்குட்டைபோல மடித்த ஒரு பச்சைத் துணிக்கீற்று. அதன் கீழே கத்தரிப்பூ நிறத்தில் சுருட்டிய இன்னொரு கீற்று. அதற்கும் கீழே பெட்டியின் தகரம்தான் தெரிந்தது.

"சேலை எங்கே?"

சஃபியா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

"மெஹர் கட்டியிருக்கு மாமி."

"அது ஜரிகை. மத்த ரெண்டு?"

"மத்ததுன்னு ஒண்ணும் இல்ல மாமி. சேலை ஒண்ணுதான். கரைதான் மூணு."

மஹ்பூபாவுக்கு விளங்கவில்லை. கையில் இருந்த சுருளை உதறினாள். கத்தரிப்பூ நிறக் கீற்று நீளமாக அவிழ்ந்தது. சாயத்தில் முக்கும்போது கை பிடித்திருந்த முனை மட்டும் சாயம் ஏறாமல் ரோஜா நிறமாகவே இருந்தது. அதில் சின்னதாக ஒரு ஜரிகை மாங்காய்.

அந்த மாங்காயை அவளுக்குத் தெரியும். மகனுடைய நிக்காஹுக்கு அவளே நாகூர் போய், கடைக்காரன் சலித்துக்கொள்ளும்வரை உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து எடுத்த சேலை. வரப்போகிற மருமகள் இதில் எப்படி இருப்பாள் என்று தன் தோளில் போட்டுப் பார்த்த சேலை.

கீற்றைப் பார்த்தாள். தன் ஜாக்கெட்டுக் கையைப் பார்த்தாள். கீற்றைக் கொண்டுபோய் அந்தக் கைமேல் வைத்தாள். துணி துணியோடு கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"இது..." தன் ஜாக்கெட்டுக் கையைப் பிடித்துக் காட்டினாள். "இது என் புள்ள அனுப்பினதுன்னு கொடுத்தியே..."

"அவங்க அனுப்பினதா இருந்தாத்தான் நீங்க போட்டுக்குவீங்க மாமி."

"நூர்? என் புள்ளைக்கு என்ன?"

"நல்லா இருக்காங்க. அல்லா காப்பாத்தினான். கடை எரிஞ்சுபோச்சு. மூட்டை தூக்குறாங்களாம். மெஹர் கலியாணம் முடியிறவரைக்கும் உங்களுக்குத் தெரிய வேணாம்னாங்க." சஃபியா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவும் கெட்டுப்போகல. நான் உள்ளேயே இருக்கேன். நாளைக்கு நாகூர் போகச் சொன்னீங்க, போயிடுறேன். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மெஹர் வாழணும்."

மஹ்பூபா சுவரில் சாய்ந்தாள். காலையில் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் திரும்பக் கேட்டது. இந்தப் பெண்ணின் நிக்காஹ் சேலையை ஜாக்கெட்டாகப் போட்டுக்கொண்டவள், இந்தப் பெண்ணைப் பார்த்தே, உனக்கு மனசு வரலையே என்று கேட்டிருக்கிறாள்.

கூடத்தில் கமர் நிஷாவின் மகள் கனைக்கும் சத்தம் கேட்டது.

மஹ்பூபா நிமிர்ந்தாள். சஃபியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா."

"மாமி, இந்தக் கோலத்துலயா? வேணாம் மாமி..."

"வான்னா வா."

கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒட்டுப்போட்ட தோளை முந்தானையால் மறைக்கப் பார்த்தாள் சஃபியா. அந்தக் கையையும் மஹ்பூபா பிடித்துக்கொண்டாள்.

"இவதான் என் மருமக. நெரவியில நீங்க பார்த்த சேலை இப்ப என் மக மேல இருக்கு. இந்த வீட்டுல நாலு பேர் பார்க்கக் கட்டுற சேலை அது ஒண்ணுதான். இவ தன் நிக்காஹ் பட்டைக் கிழிச்சு அதுக்குக் கரை வெச்சா. மிச்சத்தை எனக்கு ஜாக்கெட்டாத் தச்சா. என் மகனுக்கு இப்பக் கடை இல்ல, சைகோன்ல மூட்டை தூக்குறான். சத்தியமா எனக்கே இப்பத்தான் தெரியும். வீட்டு நெலைமை இதுதான். பேச்சை முறிச்சுக்கிறதுன்னா முறிச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இவளை அடுப்படியில ஒளிச்சு வெச்சு என் மகளைக் கொடுக்க மாட்டேன்."

மெஹர் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். மூத்த மகள் தாயின் காதில் என்னவோ சொல்லி, துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். போய்விடலாம் என்பதுதான் அது.

கமர் நிஷா எழுந்திருக்கவில்லை. மெஹரின் கொசுவத்தைக் குனிந்து கையில் எடுத்தாள். கரையின் உள்பக்கத்தைத் திருப்பி, விரலால் தடவித் தையலைத் தேடினாள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"இந்தத் தையலை யார் போட்டது?"

"நான்தான்" என்றாள் சஃபியா, தலையைத் தூக்காமல்.

"இந்தப் பொண்ணுக்குக் கத்துக் கொடுத்திருக்கியா?"

"இன்னும் இல்லங்க."

"கலியாணத்துக்குள்ள கத்துக் கொடு." கமர் நிஷா கரையை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். "துப்பட்டியை மடிச்சு வைடி. நாம பார்க்க வந்தது இந்த வீட்டுப் பொம்பளைங்களை, சைகோன் கடையை இல்ல." பிறகு தள்ளி வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சஃபியா, தண்ணி கொண்டா. கை நனைக்கணும்."

வண்டி கிளம்பிப் போனபின் மஹ்பூபா அடுக்களைக்கு வந்தாள். சஃபியா எச்சில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மஹ்பூபா ஜாக்கெட்டின் கொக்கியில் கை வைத்தாள்.

"இதைக் கழற்றிக் கொடுத்துடுறேன். என்னால இதைப் போட்டுக்கிட்டு மூச்சு விட முடியல புள்ள..."

"உங்க அளவுக்குத் தச்சது மாமி. எனக்குத் தொளதொளன்னு இருக்கும்."

அதைக் கேட்டதும் மஹ்பூபா உடைந்துவிட்டாள். மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டு, குழந்தைபோல விம்மி விம்மி அழுதாள். "போகச் சொன்னேனே... உன்னைப் போகச் சொன்னேனே..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சஃபியாவும் அழுதாள். அப்துல் லத்தீப் வந்துபோன நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகை அது.

கண்ணைத் துடைக்க மஹ்பூபா கையைத் தூக்கினாள். சஃபியா சட்டென்று அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஜாக்கெட்டுல துடைக்காதீங்க மாமி. அது நான் போட்ட சாயம், தண்ணி பட்டா இறங்கிடும். கலியாணத்துக்கும் நீங்க அதைத்தானே போடணும்?"

ஒட்டுப்போட்ட தன் முந்தானையை எடுத்து, மாமியாரின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.