சோதனைச் சாவடியில் அவன் சொன்னது

"இது என்ன?"

சிப்பாய் சிங்களத்தில்தான் கேட்டான். துப்பாக்கி முனை உரப்பையில் முட்டிக்கொண்டு நின்றது.

மழைத் தூறல்... கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகிற பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். யுத்தம் வன்னியில் நடந்தாலும் கண்டி மலையிலும் அதன் வால் நீண்டு கிடந்த காலம் அது. சுகந்தினியின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். காலடியில் கறுப்புத் தூள் நிறைந்த மூட்டை. விசாரிக்க வேறென்ன வேண்டும்?

"தேயிலைக் கழிவு... கம்பஸ் ஆராய்ச்சிக்கு," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தலை நிமிர்ந்துதான் நின்றாள். நவரட்ணராஜா மாஸ்டரின் மகள் யாருக்கும் பயப்படமாட்டாளாக்கும்! கைகளை மட்டும் ஏனோ ஷாலுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

சிப்பாய் மூட்டையை அவிழ்த்தான். கறுப்புத் தூளுக்குள் அங்கங்கே வெளிறிய சாம்பல் நிறம். அவன் குரல் உயர்ந்தது.

அப்போதுதான் வரிசையின் பின்னாலிருந்து ஓர் இளைஞன் வந்தான். நனைந்த சுருட்டை முடி, வெள்ளைச் சட்டை. சரளமான சிங்களத்தில் மளமளவென்று ஏதோ சொன்னான். அம்மணி என்று பொருள்படும் 'நோனா' என்ற ஒரு சொல்தான் சுகந்தினிக்குப் பிடிபட்டது. சிப்பாய் அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். பிறகு... சிரித்தான்! போகலாம் என்று கையசைத்தான்.

சுகந்தினியின் முகம் குப்பென்று சிவந்தது. என்ன சொல்லியிருப்பான் இவன்? 'நான் கட்டப்போற பொம்பிளை' எண்டுதானே! இல்லாட்டி ஆமிக்காரன் ஏன் சிரிக்கிறான்?

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் வைத்தவன், அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். வேறு சீற் காலியில்லை, பாவம்.

"உங்களை ஆர் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடலீங்க மிஸ். மூட்டை எங்க ஃபெக்டரி மூட்டை, அதான் வந்தேன். நான் ஜெயசீலன். அங்க அசிஸ்டன்ட் டீமேக்கர். இத வச்சு என்னா செய்யப் போறீங்க?"

"எண்ணெய் எடுக்கப் போறன். வாகனம் ஓடுற எண்ணெய்."

அவன் சிரித்துவிட்டான். கன்னத்தில் குழி வேறு! "குடிக்கவே உதவாத தூளுங்க இது!"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. நான் பெற்றோல் இல்லாத ஊரில வளர்ந்தனான். பொருளாதாரத் தடைக் காலத்தில மோட்டச்சைக்கிளே மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஜாம் போத்தல் விளக்கில படிச்சு வந்தனான். குப்பையில இருந்து எண்ணெய் எடுக்காம விடமாட்டன்."

அவன் சிரிப்பு அடங்கியது. பிளேன்டீ நிறக் கண்கள் அவளை மரியாதையோடு பார்த்தன. "மிஸ்... அந்தத் தூளப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்..."

"இரசாயனப் பொறியியல் படிச்சவளுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லித் தரத் தேவையில்லை."

"சரிங்க மிஸ்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேராதனை வரும்வரை மழையோடுதான் அவனுக்குப் பேச்சு. அடடா, கொஞ்சம் கூடிப்போச்சோ... என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பிடிவாதம் அப்படி.

ஆனால் அந்த மூட்டை அவளுக்கு ராசியாகத்தான் இருந்தது. காற்றுப் படாமல் தூளைச் சுட்டு, அதன் ஆவியை அவள் செய்த ஊக்கியின் மேலாக விட்டால் எண்ணெய் இறங்க வேண்டும். ஊக்கி என்றால், தான் கரையாமல் பக்கத்தில் நின்று வேலையை முடித்து வைக்கிற பொருள். களிமண்ணைப் பதப்படுத்தி இரண்டு வருடம் பாடுபட்டு அதைச் செய்திருந்தாள். இதுவரை கம்பஸுக்கு எடுப்பித்த தூளில் இறங்கியதெல்லாம் புளித்து நாறும் தார். இந்தமுறை... தேன் நிறத்தில் தெளிந்த எண்ணெய்! திரியில் ஏற்றினால் நின்று எரிந்தது.

"உங்கட ஊக்கி வென்றிட்டுது," என்றார் பேராசிரியர் விமலநாதன்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த சனிக்கிழமை தூள் எடுத்துத் திரும்பும் பஸ்ஸில் அவளாகவே அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். எண்ணெய் வந்த கதையைச் சொன்னாள். அவன் வாய் நிறையச் சிரித்தான். தூளைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஒரு குடை அவளுக்காக இடம் பிடித்து வைத்தது. சிங்களம் சொல்லித் தரச்சொல்லி அவள் கேட்டாள். "எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லன்னீங்க?" என்று அவன் சீண்டினான். "அது வேற, இது வேற!" என்று அவள் முறைத்தாள். அன்று ஆமிக்காரனிடம் என்ன சொன்னான் என்று கேட்கத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்டு, 'ஒண்டுமில்லை' என்று சொல்லிவிட்டால்?

இப்படியிருக்கையில்தான் தலையில் இடி விழுந்தது. கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேராசிரியரே எடுப்பித்த தூளில் எண்ணெய் வரவில்லை. அதே சூடு, அதே ஊக்கி, ஆனால் நாறும் தார். இன்னொருமுறை செய்தாள். தார்.

"வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு கூடுது, சுகந்தினி," என்றார் பேராசிரியர். "ஒருக்கா வந்து பிறகு வராட்டி அது ஆராய்ச்சியில்லை, அதிர்ஷ்டம். அதுக்குள்ள காரணம் தெரிய வேணும். இல்லாட்டி இந்தத் தலைப்பையே மூடிவிடச் சொல்லுவினம்."

மூடுவதா? இரண்டு வருட உழைப்பையா? அவள் சாப்பாட்டை மறந்தாள். முதல் மூட்டையில் மிஞ்சியிருந்த தூளை மேசையில் கொட்டிப் பார்த்தாள். அந்தச் சாம்பல் வெளிறலைத் தேயிலைத் தண்டிலிருந்து உதிரும் பஞ்சு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். ஏதோ தோன்ற, மேலே வினாகிரி விட்டாள். சுர்ரென்று நுரைத்தது.

சுண்ணாம்பு! ஆரோ சுண்ணாம்பு கலந்திருக்கினம்!

அடுத்த பஸ்ஸிலேயே கலஹாவுக்கு ஏறினாள். தேயிலை மணக்கும் ஃபெக்டரி வாசலில் ஜெயசீலனை மறித்தாள். "எங்கட பேராசிரியர் எடுப்பிச்ச தூளில சுண்ணாம்பு இல்லை. உங்கட தூளில ஆர் கலந்தது?"

"நாந்தாங்க." அவன் முழித்தான். "சட்டம்ங்க அது. கழிவுத் தூளு வெளிய போறப்ப சுண்ணாம்பு கலந்துதான் விடணும். இல்லாட்டி நல்ல தூளோட சேத்து வித்துருவாங்க. உங்க ஐயா எடுத்தது கலக்குறதுக்கு முந்தின தூளா இருக்கும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தேங்க. தேவையில்லன்னீங்க. பொறகு எண்ணெய் வந்திருச்சுன்னு துள்ளுனீங்க... சுண்ணாம்பு இருக்கறது தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்கன்னு விட்டுட்டேன். அன்னிக்கி ஆமிக்காரர்கிட்டயும் இதத்தான் சொன்னேன்."

சுகந்தினிக்குச் சட்டென்று எல்லாம் வடிந்து போயிற்று. அவ்வளவுதானா? இவ்வளவு நாளாக அவள் கோபப்பட்டதும், யாருமில்லாத நேரம் நினைத்து நினைத்துச் சிரித்ததும்... சுண்ணாம்புக்கா?

அழுகை முட்டியது. ஆனால் புத்தி வேலை செய்தது. எண்ணெயைத் தந்தது தன் ஊக்கியல்ல, சுண்ணாம்பு. புளிப்பை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு வருடப் பெருமையைப் போட்டு உடைக்க வேண்டும். உடைத்தால்தான் ஆராய்ச்சி பிழைக்கும்.

"வெள்ளிக்கிழமை வருவியளோ?"

"நானா? அங்க எனக்கு என்னங்க வேல?"

"வாங்கோ எண்டால் வாங்கோ."

வந்தான். பின் வரிசையில், தேய்த்த சட்டையோடு. ஐந்து பேர் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க, சுகந்தினி அவர்கள் முன்னால் ஒரு ஜாம் போத்தல் விளக்கை வைத்து ஏற்றினாள். புகையில்லாத சுடர்.

"என்ர ஊக்கி தோத்துப் போச்சு," என்றாள், பிசிறில்லாத குரலில். "இது ஊக்கியே இல்லாமல், வெறும் சுண்ணாம்பு கலந்த தூளில இருந்து எடுத்தது. மூன்றுமுறை செய்து பார்த்தன், மூன்றுமுறையும் வந்தது. சுண்ணாம்பு நான் கண்டுபிடிச்சதில்லை, இந்த நாட்டுச் சட்டம் கலந்து வச்சது. அது என்ன செய்யுது எண்டு கண்டுபிடிச்சது நான்."

குழுவின் தலைவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொடருங்கள் என்றார். அவ்வளவுதான், ஆராய்ச்சி பிழைத்துவிட்டது.

மாலை. மழை. கலஹா பஸ். விளக்கு அவள் மடியில்.

"நோனா எண்டு ஒரு சொல் கேட்டனான். சுண்ணாம்புக்கு ஏன் நோனா? ஆமிக்காரன் ஏன் சிரிச்சவன்? உண்மையச் சொல்லுங்கோ."

அவன் தயங்கினான். "சுண்ணாம்பச் சொல்லிட்டு, 'அண்ணே, நோனா பயந்துபோயிருக்காங்க, சத்தம் போட்டுப் பேசாதீங்க, மூட்டைய நான் தூக்கிக்கிறேன்'னேன்."

சுகந்தினி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "நான் பயந்தது ஆருக்கும் தெரியாது..."

"ஷால் நடுங்கிச்சுங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடமும் நிமிர்ந்த தலையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒளித்த கையைப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான்.

"ஊக்கி கடைசிவரைக்கும் மாறாது எண்டு படிச்சனான்," என்றாள் மெதுவாக. "பக்கத்தில நிண்ட நீங்கள் மாறேல்லை, நான்தான் மாறிப்போனன். உங்கட அம்மாவைப் பாக்கத்தான் இப்ப வாறன்."

"மிஸ்... எங்கம்மா பாப்பம்மா இன்னும் கொழுந்து எடுக்கறாங்க. தோட்டத்து லயத்து வரிசையிலதான் வீடு. யாழ்ப்பாணத்துல உங்கப்பா..."

"அஞ்சு பேருக்கு முன்னால நிண்டு கதைச்சனான். அப்பா ஒராள்தானே? நான் கதைக்கிறன்."

பஸ் நின்றது. அதே சோதனைச் சாவடி. அதே சிப்பாய். எல்லோரும் இறங்கினார்கள். சிப்பாயின் கண் ஜாம் போத்தலில் விழுந்தது.

"இது என்ன?"

ஜெயசீலன் வாயெடுக்குமுன் சுகந்தினி முந்திக்கொண்டாள். தப்பும் தவறுமான சிங்களத்தில், சொல் சொல்லாக: "விளக்கு. தேயிலைக் கழிவு எண்ணெய். நான் செய்தது."

சிப்பாய் போத்தலை மோந்து பார்த்தான். அவனுக்குப் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஜெயசீலனைக் கண்ணால் காட்டி, "இவர் யார்?" என்றான்.

அவள் கைகள் இப்போது ஷாலுக்குள் இல்லை. ஒன்று விளக்கைப் பிடித்திருந்தது. மற்றது, அத்தனை பேர் பார்க்க, ஜெயசீலனின் ஈரக் கையைப் பிடித்தது.

"நான் கல்யாணம் செய்யப் போறவர்," என்றாள், அவன் சொல்லித் தந்த அதே சிங்களத்தில்.

சிப்பாய் சிரித்தான். இந்தமுறை ஏன் சிரித்தான் என்று அவள் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.