எட்டாவது தோள்

சனிக்கிழமை, மாலை 6.12. பழைய தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலின் மாதா கோயில் தேர்ப்பவனியில் ஒரு போலீஸ்காரரின் லத்தி மேலே போனது, கீழே வந்தது. சப்பரம் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். பதினோரு நொடி வீடியோ. இரவுச் சாப்பாட்டுக்குள் நாற்பதாயிரம் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்தப் போலீஸ்காரரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள்.

அவர் பெயர் இன்பராஜ். ஹெட் கான்ஸ்டபிள், வயது ஐம்பத்தொன்று. அன்றைக்கே சஸ்பென்ஷன்.

ஞாயிறு, காலை 9.10. கோயில் வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கிய டி.எஸ்.பி. பல்லவியின் கையில் ஓர் உத்தரவு இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் உள்விசாரணை அறிக்கை. அடித்தது உண்மை என்றால் வழக்கு, வேலைநீக்கம். பொய் என்றால் அதையும் நிரூபிக்க வேண்டும். பல்லவி அல்சூரில் பிறந்து வளர்ந்த பெங்களூர்க்காரி. இந்த ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இதற்கு முன் அவள் நடத்திய மூன்று விசாரணைகளிலும் மூன்று போலீஸ்காரர்களின் வேலை போயிருந்தது. காக்கிக்குக் காக்கி குடை பிடிக்கும் என்று நம்பியவர்கள் அவளிடம் நன்றாக நனைந்து போனார்கள்.

"இன்பராஜ் அப்படிப்பட்ட ஆளு இல்ல மேடம்" என்றார் டிரைவர் சாமுவேல். உள்ளூர்க்காரர், வாய் ஓயாதவர். "அவங்க அப்பா மைன்ஸ்ல ஷாஃப்ட் வாசல்ல மணி அடிச்சவரு. ஆளுங்கள ஏத்தி எறக்கற கேஜ் மேல வர்றதும் கீழ போறதும் அவர் கையிலதான். எத்தினி உசுரு! அவர் புள்ள ஒருத்தர் மேல கை வைப்பாரா?"

"எல்லாக் கைதிக்கும் அப்பா நல்லவர்தான் சாமுவேல்."

கோயில் முற்றத்தில் கலகலப்புக்குக் குறைவில்லை. சாயங்காலம் கொடியிறக்கம், அதற்கு ஒரு சின்னப் பவனி உண்டு. ஒரு மூலையில் பேண்டுக்காரர்கள் ஆளுக்கொரு சுருதியில் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டிலிருந்து சப்பரத்தை வெளியே கொண்டுவரும் வேலை நடந்தது. பழைய சுரங்கத் தொழிலாளி ஏசுபாதம் கையிலிருந்த குச்சியால், சப்பரம் சுமக்கும் மரத்தண்டைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். சப்பரம் எழும்பியது, நகர்ந்தது, நின்றது, இறங்கியது. இந்த ஆண்டுதான் அதன் மேல் புதிதாக இரும்பு வளைவு வைத்திருந்தார்களாம், போன ஆண்டைவிட இரண்டு முழம் உயரம். தண்டுகளுக்கு நீல பெயிண்ட் பளபளத்தது. பல்லவி கடிகாரத்தைப் பார்த்தாள்.

காலை 9.40. அடிபட்ட மாணிக்கராஜ் தங்கைவீட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். முப்பத்து நான்கு வயது, பெங்களூரில் வேலை. குழந்தை பிறந்ததற்கு நேர்ந்துகொண்டு முதல் தடவையாகச் சப்பரம் தூக்க வந்தவர்.

"எந்த இடத்துல நின்னீங்க?"

"வலது பக்கத் தண்டு மேடம், கடைசி ஆள். எனக்குப் பின்னால யாரும் இல்ல. திடீர்னு தோள்ல ஒரே அடி. எலும்பு வரைக்கும் கிர்ருனு ஏறுச்சு. விழுந்துட்டேன். திரும்பிப் பார்த்தா அவர் லத்தியோட நிக்கிறார். அடிச்சுட்டு ஒரு ஸாரிகூட இல்ல, ஓடிட்டார்!"

"முன்பகை?"

"அவர நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. அதான் மேடம் கோவம். இன்னா தப்பு பண்ணேன் நான்?"

அவர் கண்ணில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. இவர் பொய் சொல்லவில்லை என்று பல்லவிக்குப் பட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த புகைப்படத்தை வாங்கிக்கொண்டாள். தோளின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிச் சிவந்து, தோல் வழண்டிருந்தது.

வீடியோ எடுத்தவள் அவர் மனைவி நிக்கோல்.

"வீடியோவுல பாட்டுதானே கேக்குது? அங்க கேட்ட சத்தம் எங்க?"

"பாட்டு வெச்சேதான் ரெக்கார்ட் பண்ணேன் மேடம். அந்த பேண்டு சத்தத்த நீங்க கேட்டிருந்தா என்னைத் திட்டமாட்டீங்க."

காலை 10.30. ஸ்டேஷன். இன்பராஜ் வேட்டி சட்டையில் வந்து விறைப்பாக நின்றார்.

"மாணிக்கராஜ அடிச்சீங்களா?"

"ஆளை அடிக்கல மேடம்."

"லத்தி எங்க பட்டுச்சு? ஏன் ஓடினீங்க?"

இன்பராஜ் தரையைப் பார்த்தார்.

"இன்பராஜ், இன்னைக்கு அஞ்சு மணிக்கு மேல உங்களுக்கு வேலை இருக்காது. புரியுதா?"

"புரியுது மேடம். என்னால ஒருத்தருக்கு மனக்கஷ்டம் வேணாம். அவ்ளோதான் சொல்லுவேன்."

பல்லவிக்கு எரிச்சலாக வந்தது. குற்றவாளி பொய் சொன்னால் பிடிக்கலாம். இந்த மனிதர் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு பணிவாக நிற்கிறார்.

காலை 11.15. சப்பரம் சுமந்த மற்ற ஏழு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். எல்லோரும் முன்னால் பார்த்து நடந்தவர்கள், அடித்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் வீடியோவை அவள் இருபது தடவை பார்த்திருந்தாள். மாணிக்கராஜ் விழுவதற்கு அரை நொடி முன்பே ஏழு பேரின் கால்களும் ஒன்றாக நின்றுவிட்டிருந்தன.

"ஏன் நின்னீங்க?"

"ஏசுபாதம் அண்ணன் நிறுத்தினாரு மேடம்." ஏழு பேரும் இதையேதான் சொன்னார்கள்.

அடுத்துக் கூப்பிடப்பட்ட ஏசுபாதம் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "நான் நிறுத்தவே இல்லம்மா. நான் முன்னாடி கூட்டத்த ஒதுக்கிகினு போனேன். திரும்பிப் பாக்கறேன், பசங்க நிக்கிறாங்க."

"கத்தி நிறுத்துவீங்களா?"

"அந்த பேண்டு சத்தத்துல கத்தினா எனக்கே கேக்காதும்மா."

நிறுத்தாதவர் நிறுத்தினார் என்று ஏழு பேர் சாட்சி சொல்கிறார்கள். பல்லவி அதைக் குறிப்பேட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள்.

பகல் 12.30. சம்பவ இடம். சுரங்கக் காலத்து வரிசை வீடுகள், முந்தைய நாள் தூறலின் ஈரம் இன்னும் காயாத தெரு. தெரு நெடுகக் குறுக்கே சீரியல் பல்புச் சரங்கள், கொடி இறங்கும் வரை யாரும் கழற்ற மாட்டார்கள். மாணிக்கராஜ் விழுந்த இடத்துக்கு மூன்றடி முன்னால் மட்டும் சரம் இல்லை. இரண்டு பக்கமும் கொக்கி இருந்தது. ஒரு கொக்கி பார்வதம்மாவின் வீட்டு மாடிச்சுவரில்.

பார்வதம்மாவுக்கு அறுபது வயது. கன்னட வீடு, மாரியம்மன் பக்தை. ஆனாலும் பதினான்கு ஆண்டுகளாக மாதா வருகிற வழியில் விளக்குப் போடுவது அவர் நேர்த்திக்கடன். வந்தவர்கள் போலீஸ் என்றதும் தட்டில் ஒப்பட்டு என்கிற போளியை வைத்து நெய்யும் ஊற்றினார். சாமுவேல் விசாரணையை அந்த நிமிடமே மறந்தார்.

"உங்க பல்பு எங்கம்மா?"

"அய்யோ தேவ்ரே, அத இன்னா கேக்கறே! நேத்து நம்ம இன்பா மூச்சு வாங்க ஓடி வந்தான். 'அக்கா, பல்பு ஃப்யூஸ் ஆயிடுச்சு'ன்னு சுவிட்ச நிறுத்தி, எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டான். அவனப் போயி வேலைய விட்டுத் தூக்கினாங்களாமே? யாரு அந்தப் புத்திகெட்டவங்க?"

புத்திகெட்டவர்களின் பிரதிநிதி ஒப்பட்டை மென்று விழுங்கினாள். மூலையில் கிடந்த பல்புச் சரத்தை விரித்துப் பார்த்தாள். நடுவில் ஒரு ஜாயின்ட், டேப் பிரிந்து செம்புக்கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டுப் பிளக்கைச் செருகினாள். நூறு பல்பும் எரிந்தன.

பகல் 2.40. ஸ்டேஷன் மேஜையில் கைப்பற்றப்பட்ட லத்தி. நுனியில் நீலக் கறை. மாணிக்கராஜ் கட்டியிருந்த நீலத்துண்டின் சாயம், ஆகவே அடித்ததற்கு அத்தாட்சி என்று மகஜரில் எழுதியிருந்தார்கள். பல்லவி நகத்தால் சுரண்டினாள். கறை செதிலாகப் பெயர்ந்து வந்தது. துணிச் சாயம் செதிலாக உரியாது.

புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்தாள். லத்தி அடி என்றால் இரண்டு இணைகோடு விழும், நடுவே வெளுத்திருக்கும். அவள் எத்தனையோ முதுகுகளில் பார்த்திருக்கிறாள். இங்கே கோடே இல்லை. அதைவிட முக்கியம், காயம் இருப்பது தோளின் உச்சி. அந்த இடத்தில் அப்போது என்ன இருந்தது?

பல்லவி சட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சாமுவேல், வண்டிய எடுங்க. மாணிக்கராஜ், இன்பராஜ், எல்லாரும் கோயிலுக்கு வரணும். பேண்டும்தான்!"

மாலை 3.20. கோயில் முற்றம். ஊரில் பாதி அங்கே கூடியிருந்தது. ஏழு பேரும் தங்கள் இடத்தில் நின்றார்கள். மாணிக்கராஜுக்கு வலியில்லாத தோளில் தண்டு வரும்படி, இடது வரிசையின் கடைசி இடம் கொடுக்கப்பட்டது, அங்கே இருந்தவர் மட்டும் வலது வரிசைக்கு மாறினார். கீழே இரண்டு மெத்தை போடச் சொன்னாள். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை.

"நேத்து மாதிரியே நடங்க. பேண்டு, எவ்வளவு சத்தமா முடியுமோ அவ்வளவு!"

பேண்டுக்காரர்கள் அப்படி ஓர் உத்தரவுக்காகப் பிறந்ததிலிருந்து காத்திருந்தவர்கள் மாதிரி ஊதினார்கள். சப்பரம் நகர்ந்தது. பல்லவி லத்தியோடு பின்னால் நடந்தாள். பத்தாவது எட்டில், மாணிக்கராஜின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த தண்டின் மேல் லத்தியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

ஏழு பேரும் அந்தக் கணமே நின்றார்கள். மாணிக்கராஜ் மட்டும் நடந்தார். தண்டு அவர் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்க, கால்கள் முன்னே போக, அவர் மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மேடம்! நீங்களும் அடிக்கிறீங்க!" என்று கத்தினார்.

"எங்க அடிச்சேன்?"

மாணிக்கராஜ் தோளைத் தடவினார். நிமிர்ந்து தண்டைப் பார்த்தார். நிக்கோல் வாயைப் பொத்திக்கொண்டாள், முதலில் அதிர்ச்சியில், பிறகு சிரிப்பை அடக்க முடியாமல்.

பேண்டை நிறுத்திவிட்டுப் பல்லவி சொன்னாள்: "நேத்து உங்க தோள் மேல தண்டு இருந்துச்சு. லத்தி உங்க தோளத் தொடணும்னா தண்டத் துளைச்சுகிட்டுதான் வந்திருக்கணும். லத்தி நுனியில இருக்கிறது தண்டோட பெயிண்ட். அதோ, வலது தண்டோட முனையில பெயிண்ட் உரிஞ்ச குழி இருக்கு பாருங்க. காலைல வந்ததும் பதிலை என் கண்ணால பார்த்தேன், கவனிக்கத்தான் இல்ல. ஏசுபாதம் ஐயா, ஒரு தட்டுன்னா இன்னா?"

"நில்லு" என்றார் ஏசுபாதம். "ரெண்டு தட்டுன்னா எறக்கு, மூணு தட்டுன்னா தூக்கு. ஷாஃப்ட்ல கேஜுக்கு மணி அடிச்ச பழக்கம்மா, அதையே இங்க வெச்சுகினோம். சத்தம் காதுக்குக் கேக்கலைன்னாலும் மரம் வழியா தோளுக்குத் தெரியும். எங்க பசங்களுக்கு இத யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல." திடீரென்று நிறுத்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்தத் தம்பிக்குச் சொல்லல! பெங்களூர்ல வளந்ததுன்னு நெனப்பே வரல!"

"ஏழு தோளுக்குத் தெரிஞ்சது எட்டாவது தோளுக்குத் தெரியல. அவர் பொய் சொல்லல. அவருக்கு அது அடிதான்" என்றாள் பல்லவி. பிறகு இன்பராஜ் பக்கம் திரும்பினாள். "சப்பரத்த ஏன் நிறுத்தினீங்கன்னு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

இன்பராஜ் கூட்டத்துக்குள் பார்வதம்மா நிற்பதைப் பார்த்தார். "வேணாம் மேடம்."

"வேணும். தூறல் போட்ட தெரு. எட்டுப் பேரும் வெறுங்கால். மேல இரும்பு வளைவு, ரெண்டு முழம் கூடுதல். மூணடி முன்னால டேப் பிரிஞ்ச கரண்ட் வயர் தொங்குது. கத்தினா கேக்காது. ஒரே ஒரு தட்டு, உடனே சுவிட்சுக்கு ஓட்டம். இதைச் சொல்லியிருந்தா நேத்தே எல்லாம் முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?"

"அக்கா பதினாலு வருஷமா போடற வெளக்கு மேடம்" என்றார் இன்பராஜ். "தன் வெளக்கால எட்டு உசுரு போயிருக்கும்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் அவங்க தூங்குவாங்களா? கேஸு கீஸுன்னு போனா?"

கூட்டம் விலகியது. பார்வதம்மா நேராக வந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, இன்பராஜின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார். "ஏண்டா, எனக்காக உன் சோத்துல மண்ணப் போட்டுப்பியா? அடுத்த வருஷம் எலக்ட்ரீஷியன வெச்சுப் போடறேன், நீ ஏணி புடி!" அடித்த கையாலேயே அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். இன்பராஜும் அழுதார், வெட்கமே இல்லாமல்.

"மேடம்" என்று சாமுவேல் காதருகே வந்தார். "போலீஸ் அதிகாரி மேல பலப்பிரயோகம். நேர்ல பாத்த சாட்சி நான். எழுதிக்கட்டுமா?"

பல்லவி வாய்விட்டுச் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாணிக்கராஜ் இன்பராஜின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல், அந்தக் கையை மட்டும் விடாமல் நின்றார். நிக்கோல் இன்னொரு வீடியோ எடுத்தாள், இந்தத் தடவை பாட்டு இல்லாமல்.

மாலை 4.50. கோயில் அலுவலக மேஜையில் பல்லவி அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தாள். வயரைப் பற்றி ஒளிக்காமல் எழுதினாள். மறைத்ததற்காக இன்பராஜுக்கு ஓர் எச்சரிக்கையும், சஸ்பென்ஷனை ரத்து செய்யப் பரிந்துரையும் எழுதினாள். படிவத்தில் இரண்டு கட்டங்கள் மிச்சம் இருந்தன.

'பயன்படுத்தப்பட்ட பலத்தின் அளவு' என்று கேட்டது முதல் கட்டம். 'ஒரு தட்டு' என்று நிரப்பினாள்.

'அதனால் ஏற்பட்ட விளைவு' என்று கேட்டது அடுத்தது. பல்லவி ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள், ஒவ்வொருவராக எண்ணினாள், பிறகு எழுதினாள்: 'எட்டுப் பேர் நேற்று இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.'