கடைசி வரியில் ஒரு தடை

"அக்கா அடைச்ச வழியில அவர் இன்னும் வந்துட்டுத்தான் இருக்கார் சார்!"

மூச்சிரைக்க வந்தவரை உட்காரச் சொன்னார் துப்பறிவாளர். அந்தப் பெண்ணும் அவருடைய அக்காவும் கதைகளைக் குரலில் பதிவு செய்து விற்கிறார்கள். பதிவெல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. அக்காவோடு சண்டை போட்டுப் பிரிந்துபோன அவர் கணவரின் கணினியைத் தடுக்க, யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலில் அக்காவே தடை விதி எழுதியும் பலனில்லை. வெளிவராத பதிவுகள் களவு போனால் தொழில் படுத்துவிடும்.

"ஆள் கணினி முகவரியை மாத்திட்டு வர்றான் மாமா!" என்றான் துப்பறிவாளரின் மச்சினன். அவனுக்கு எல்லாரும் வைத்த பெயர் அவசரம்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அக்கா திரையைக் காட்டினார். அதே பழைய முகவரிதான். அவசரத்துக்கு முகம் தொங்கிப்போனது. கணவர் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் அதே கதை, அக்காவின் குரலில்.

"திருட வந்தவன் ஒரே கதையைத் திரும்பத் திரும்பவா கேப்பான்?" என்றார் துப்பறிவாளர். "ஃபயர்வால் மேலேர்ந்து படிக்கும். முதல்ல பொருந்துற வரியோட நின்னுடும். 'நம்ம ஆளுங்களை விடு'ங்கிற வரி மேல இருக்கு, அதுல இவர் முகவரியும் உண்டு. 'இவரை விடாதே' கடைசியில கிடக்கு. வெள்ளம் வந்தப்புறம் அணை போட்ட கதைதான்."

"ப்பூ, இவ்வளவுதானா! கை தவறியிருக்கும்," என்றான் அவசரம்.

"கை தவறலடா. மத்த தடைக்கெல்லாம் கட்டளையில 'ஐ'ங்கிற இங்கிலீஷ் எழுத்து போட்டிருக்காங்க, மேல சொருகறதுக்கு. இவருக்கு மட்டும் 'ஏ', கடைசியில சேர்க்கறதுக்கு. தெரியாதவங்கன்னா எல்லாத்துலயும்ல தப்பு பண்ணியிருப்பாங்க?"

தங்கை திரும்பினார். "அக்கா?"

அக்காவின் கண்கள் நிரம்பின. "மனசு ஏங்குதுடி. அந்த முகவரி திரையில வந்தாத்தான், எங்கயோ இருந்து என் குரலைக் கேக்கறார்னு தெரியும். அதை எப்படி அடைப்பேன்?"

அவசரம் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

"ஆனா உன் பொழைப்பும் இதுலதானே இருக்கு," என்று தங்கையின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அக்காவே விதியை மேலே ஏற்றினார். முகவரி திரையிலிருந்து மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அடித்தது.

"கதை பாதியில நின்னுபோச்சு," என்றது தயங்கிய ஆண் குரல்.

"மீதிதான் உங்களுக்கு மனப்பாடமாச்சே," என்று விசும்பினார் அக்கா.

"ஆமா. ஆனா சொல்றதுக்கு நீ வேணுமே."