ஒரு விமானம், இரண்டு புள்ளிகள்

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவளின் செருப்புக்கடியில் எதுவோ மெத்தென்று பட்டது. மேசைக்கடியிலிருந்து ஒரு முனகல்... குனிந்து பார்த்தாள். கேபிள்களுக்கு நடுவே ஒருவன், மிதிபட்ட விரல்களை உதறிக்கொண்டிருந்தான். வலியிலும் சிரிக்கிற கண்கள்!

தலைமை அலுவலகத்திலிருந்து புது ரேடாரை இணைக்க வந்த எஞ்சினியராம். அவள் விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலர். விமானங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில் கண்டிப்புக்காரி என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'இடைவெளி அக்கா'. அதைக் கேட்டு அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை... பிடிக்காமலும் இல்லை.

மறுநாள் மதியம் மழை கொட்டியது. மேகத்துக்குள் வந்துகொண்டிருந்த ஒரே விமானம் அவள் திரையில் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தது. பழைய ரேடார் காட்டியது ஒன்று, புதியது காட்டியது இன்னொன்று. அவள் யாரையும் கேட்கவில்லை. விமானங்களுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளியை இரட்டிப்பாக்கினாள். தரையிறங்க வேண்டியவை வானத்திலேயே வட்டமடித்தன. மேலதிகாரி பதறி ஓடி வந்தார்.

அவன் முகம் சிவந்துவிட்டது. காலையில்தான் சரிபார்த்ததாகவும், பழைய ரேடாரைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றும் வாதாடினான்.

"இருக்கலாம். ஆனா வானத்துல ஒண்ணு, என் திரையில ரெண்டு. எதை நம்பறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவன் விறைப்பாக வெளியேறி, குடைகூட இல்லாமல் ரேடார் நிலையத்துக்கு நடந்தான். மனசு கேட்காமல் அவள் கதவையே பார்த்தாள்... கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ?

சொட்டச் சொட்ட நனைந்து திரும்பியவன், எல்லோர் முன்னாலும் சொன்னான்: புது ரேடாரின் கடிகாரம் ஒரு நொடி பிந்தியிருந்தது. தவறு தன்னுடையதுதான், சரிசெய்தாகிவிட்டது.

பணி முடிந்ததும், பையோடு கிளம்பியவனைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள். எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அவன் ஆர்வமாக விளக்கினான். ரேடார் அலை விமானத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுவார்கள். அதில் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே விமானம் நூற்றைம்பது மீட்டர் தள்ளித் தெரியும். அந்தக் கணக்கு துல்லியமாகவே இருந்தது. விமானத்தை எப்போது பார்த்தது என்று ரேடார் குறிக்கும் நேரம்தான் பிந்திவிட்டது. அந்த ஒரு நொடியில் விமானம் இரண்டு கால்பந்து மைதானம் தாண்டிவிடும்.

"சத்தமில்லாம சரிபண்ணியிருக்கலாமே... ஏன் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க?"

"விமானங்களைக் காக்க வெச்சதுக்கு உங்க மேல பழி விழுந்திருக்கும்ல?"

மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியே, அவனுக்காக ஒரு கார் காத்திருப்பது தெரிந்தது. அவள் துணிந்துவிட்டாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க ஊருக்குப் போனப்புறம் சொன்னா நல்லாயிருக்காது... அதான் இப்பவே சொல்றேன்."

அவன் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"நேத்திலேர்ந்து இதை எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தது நான்..." என்றான்.