வெந்நீரில் கழுவிய டம்ளர்

"அம்மா, அப்பா தான் குடிச்ச டம்ளரை மட்டும் ஏன் வெந்நீர்ல கழுவுறாரு?"

மகள் இசைமதி கேட்டபோது நாகஜோதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தட்டைக்கூட நகர்த்தி வைக்காத இசக்கிமுத்து, இப்போது தன் டம்ளர், தட்டு, தலையணை உறை எல்லாவற்றையும் தானே கழுவினான்.

"உங்களுக்கு வாச்சவரு தங்கமுங்க! எங்கூட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க," என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். நாகஜோதியின் உதடு மட்டும் சிரித்தது.

ஒச்சாயி ஓடையில் பிணமாகக் கிடந்த மறுநாள் தொடங்கியது இந்தக் கழுவல். அதே தெருவில் குடியிருந்து, பனியன் கம்பெனியில் துணியின் பிசிறு நூல் வெட்டியவள் ஒச்சாயி. இசைமதிக்கு டெங்கு வந்தபோது, வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் குழந்தையின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவள். அவள் நகக்கண்ணில் எவனுடைய தோலோ இருந்ததாம். அதோடு ஒப்பிட, அவள் கம்பெனி ஆண்கள் எல்லோரிடமும் போலீஸ் எச்சில் எடுத்தது. எதுவும் பொருந்தவில்லை. இசக்கிமுத்து வேறு கம்பெனி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷின்கள் ஓய்ந்து தெருவே மூச்சை அடக்கிக் கிடக்க, சாயநீரின் புளித்த நெடி ஜன்னல் வழியே நுழைய, குழாயடியில் அவன் தேய்த்துக்கொண்டே இருந்த சத்தம் அவள் பல்லுக்குள் கூசியது. அவன் குனிந்தான். சட்டைக் காலர் விலகியது. கழுத்தடியில் கீறல்கள். காய்ந்து கறுத்தவை. நகம் போன வழி.

மறுநாள் மகளைப் பள்ளியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள்.

"அவரைத் தேடி வந்தா, சொன்னது நாந்தான்னு தெரிஞ்சிரும்க்கா. விடமாட்டாரு."

"அவருகிட்டப் போகவே வேண்டாமுங்க," என்றார் பெண் காவலர் ஜெயபாரதி. "புள்ளைல பாதி அப்பன் தானுங்க. உங்க ரெண்டு பேரு எச்சில் போதும், டிஎன்ஏ சொல்லீருமுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் வேற எங்கயாச்சும் தங்கிக்கறீங்களா?"

"திடீர்னு போனா சந்தேகப்படுவாரு."

பஞ்சுக் குச்சி மகளின் கன்னத்துக்குள் உருண்டது. பல் டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தாள். வெளியே வந்ததும், உனக்குப் பட்ட கடனைத் தீர்த்துட்டேன் ஒச்சாயிக்கா, என்று மனதுக்குள் சொன்னாள். கேட்க யாருமில்லை. கடவுள் கேட்டிருப்பார்.

சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

தள்ளினாள்.

இசைமதி அப்பாவின் மடியில்.

"அந்தப் பல் டாக்டரு போலீஸ் சட்டை போட்டிருந்தாங்கப்பா. குச்சியை இப்படி விட்டாங்க."

குழந்தை வாயை அகலத் திறந்து காட்டினாள். அவன் சுட்டுவிரல் அந்தக் கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் நாகஜோதியின் மேல்.